சீட்டில் வந்த பொறுமை

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. கடவுள் அருளால் இங்கே எல்லோரும் நலம், குளியலறைக் குழாய் நீங்கலாக. உங்கள் நலமறிய ஆவல். ஆனால் அவசரமில்லை, மெதுவாகவே எழுதுங்கள்.

எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் இந்த மாதம் ஒரு புது ஏற்பாடு. ஆளுக்கொரு நற்குணத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, மாதம் முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டும். கடைசியில் அவரவர் வீட்டார் சபை முன் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். நல்ல சாட்சி கிடைப்பவருக்கே இனி முன்னால் நின்று பிரார்த்தனையை நடத்தும் பொறுப்பு. அதற்காக நான் எத்தனை காலமாக ஏங்குகிறேன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்குப் பொறுமை வந்தது. உங்கள் தங்கைக்கு உண்மை பேசுதல் வந்தது. எனக்குச் சாட்சி சொல்லப்போவதும் அவள்தான்.

மறுநாளே குழாய் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பருக்குப் போன் போட்டேன். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் சார்" என்றார். ஒரு வாரமாகியும் ஆளைக் காணோம். பழைய நானாக இருந்தால் போனிலேயே அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். "நிதானமா வாங்க தம்பி" என்றுதான் சொன்னேன். அவரும் என் வார்த்தையை மதித்து நடந்துகொண்டார். வாளி வைத்தேன், வாளி நிறைந்தது, அண்டா வைத்தேன், அதுவும் நிறைந்தது, தண்ணீர் தரைவழியாக இறங்கிக் கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியாரின் கட்டில்மேல் சொட்ட, மனிதர் படுக்கையிலேயே குடை பிடித்துப் பார்த்துவிட்டு, அதே குடையோடு மாடியேறி வந்து நின்றார். "பொறுத்தார் பூமி ஆள்வார் சார்" என்று உட்கார வைத்து, பொறுமையின் மேன்மையை விளக்கமாக எடுத்துச் சொன்னேன். கண்கலங்கினார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். மெத்தை புதுசாம்.

உங்கள் தங்கை சமையலறையிலிருந்து வந்தாள். "பூமிய அப்பறம் ஆளலாங்க, மொதல்ல பாத்ரூம ஆளுங்க. இது பொறுமையில்ல, சோம்பேறித்தனம்."

அதோடு விட்டிருந்தால் தேவலை. "பிளம்பர்கிட்ட காட்டற பொறுமைய எங்கிட்ட என்னைக்காவது காட்டியிருக்கீங்களா? துண்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள பத்து தடவ கூப்பிடறீங்க. சபையில கேட்டா இதையும் சொல்லத்தான் போறேன்" என்றாள், வாத்தியார் முன்னாலேயே. வாத்தியார் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது மச்சான். பொய்யாக இருந்தால் கோபப்பட்டிருப்பேன். உண்மை என்பதால் பயந்துவிட்டேன். இன்று காலை பையை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாளே.

ஆகவே ஒரு வேண்டுகோள். சிறுவயதிலிருந்தே அவள் உங்கள் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவாள். பொய் சொல்லச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது பாவம். சாட்சி நாளன்று அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் போதும். உங்கள் பதில் எத்தனை நாள் கழித்து வந்தாலும் அமைதியாகக் காத்திருப்பேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோருக்கும் இறைவன் நிதானத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,
பொறுமையுடன்,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: தபால்பெட்டியில் போடப் போனேன். சாயங்காலம்தான் எடுப்பார்களாம். அதுவரைக்கும் யார் காத்திருப்பது? பஸ் ஏறிவிட்டேன். வழியில் பிளம்பர் போன் செய்தார். வந்துவிட்டாராம், வீடு பூட்டிக் கிடக்கிறதாம். "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். இதை உங்கள் வாசலில் நின்றபடி எழுதுகிறேன். கதவுக்கு அடியில் தள்ளப்போவதும் நான்தான். மணியை அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது. உள்ளே உங்கள் தங்கையின் குரல் கேட்கிறது. "இப்படி விடாம மணி அடிக்கறது அவர்தாண்ணா, கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்கிறாள். சீக்கிரம் கதவைத் திறங்கள்.