மூன்றாம் மாடிக் கைதி

"மணிக்கூண்டு இடது பக்கம்னு சொன்னீங்களே மாப்பிள்ளை? பஸ் வலது பக்கம் திரும்பிடுச்சே?"

மாமனார் கேட்டதும் கணக்கர் பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அந்த மாநகரத்தில் பத்து வருடமாகக் குடியிருக்கிறார், உண்மைதான். ஆனால் அவருக்குத் தெரிந்த ஊர் இவ்வளவுதான்: வீட்டு வாசல், ரயில், அலுவலகம். சாயங்காலம் அதையே திருப்பிப் போட்டால் வீடு. நடுவில் இருக்கும் ஊரெல்லாம் அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஓடி மறைந்துவிடும்.

காலையில் மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். "லீவு நாள்ல சமையலறை ஜன்னலுக்குக் கண்ணாடி போடுங்க. இல்லன்னா அப்பாவுக்கு ஊரையாவது சுத்திக் காட்டி நல்ல பேர் வாங்குங்க."

சமையலறைப் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதே இல்லை. நல்ல பேர் வாங்குவது சுலபம் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார். மாமனாரோ வந்ததிலிருந்து சின்ன மாப்பிள்ளை புராணம்தான் பாடிக்கொண்டிருந்தார்.

"டிரைவரைக் கேட்டுப் பாருங்களேன்."

"என்ன மாமா நீங்க! என் ஊர்ல நானே வழி கேக்கிறதா? இறங்குங்க, ரயில்ல போனா சீக்கிரம்."

ரயில் சீக்கிரமாகத்தான் போனது. எதிர்த் திசையில். கடைசி நிலையத்தில் இறங்கினால், பூட்டிய கிடங்குகளும் துருப்பிடித்த இரும்புப் பெட்டிகளும்தான் வரவேற்றன.

"இதுதான் மாமா பழைய துறைமுகம்."

"தண்ணியைக் காணோமே?"

"அதான் பழைய துறைமுகம்னு சொன்னேனே."

மாமனார் ஒரு இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "சின்ன மாப்பிள்ளை காட்டின துறைமுகத்துல கப்பலே இருந்துச்சு" என்றார்.

கணக்கருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் வந்த பஸ்ஸில் அவரை ஏற்றினார். அது சந்து பொந்தெல்லாம் புகுந்து புறப்பட்டது. மாமனார் கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டார். அவருடைய காமிரா இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

"சரித்திரம் ஏதாவது இருந்தா காட்டுங்க. இல்லன்னா பேசாம வீட்டுக்குப் போவோம்."

அங்கிருந்து வீட்டுக்குப் போக வழி தெரிந்தால்தானே? சரித்திரத்தைத் தவிர வேறு கதி இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். எதிரே ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம். கரி படிந்த சுவர், தாறுமாறாக ஓடும் குழாய்கள், கம்பி போட்ட குட்டி ஜன்னல்கள்.

"மாமா, இதுதான் அந்தக் காலத்துச் சிறைச்சாலை!"

மாமனார் முகம் மலர்ந்தது. காமிரா வெளியே வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு பேர்கூட காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். கூட்டத்தைக் கண்டதும் கணக்கரின் குரல் ஓங்கியது.

"மூணாவது மாடியில ஒரு ஜன்னல்ல பிஸ்கட் அட்டைப்பெட்டியை ஒட்டியிருக்கு பாருங்க. அந்த ரூம்லதான் பெரிய கொள்ளைக்காரன் ஒருத்தனை அடைச்சு வெச்சிருந்தாங்க."

"இப்ப யாரோ குடியிருக்காங்க போலிருக்கே? துணி காயுது."

"வாடகைக்கு விட்டிருப்பாங்க மாமா."

"அதுக்காக? ஒரு கண்ணாடி வாங்கிப் போடத் துப்பில்லாம அட்டையை ஒட்டுவாங்களா? அந்த வீட்டு ஆம்பளை என்னதான் பண்றான்?"

மாமனாரோடு ஒத்துப்போக ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. கணக்கர் விடுவாரா?

"சுத்த உதவாக்கரையா இருப்பான் மாமா!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "இவனுக்கெல்லாம் பொண்ணு குடுத்தான் பாருங்க ஒரு மனுஷன், முதல்ல அவனை இந்த ஜெயில்ல போடணும்!"

மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காத்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சின்ன மாப்பிள்ளைக்கு இப்படி ரசிக்கிற மாதிரிப் பேச வராது" என்று சொல்லி கணக்கரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார் மாமனார். கல்யாணமான நாளிலிருந்து கணக்கர் ஏங்கிக் கிடந்த தட்டு அது. அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்போது மூன்றாவது மாடியில் அந்த அட்டை மெல்ல விலகியது.

"அப்பா! போட்டோ எடுத்தது போதும், முன்பக்கமா சுத்தி மேல வாங்க. அந்த உதவாக்கரையையும் கூட்டிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது!"