போத்தல் நானாவும் வெளிறிய தண்ணீரும்

கண்டிப் பக்கத்தில் தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள் எல்லாரும் நீச்சல் தெரியாதவர்கள். மகாவலி ஆற்றில் அக்கரை வரை நீந்தத் தெரிந்திருந்தும், ஒரு கிளாஸ் தண்ணீரைக் கண்டு நடுங்கிய ஒரே மனிதர் கெலிஓயா ஊர்ப் போத்தல் நானாதான்.

அவருக்கு எங்கள் ஒழுங்கைத் தெரு முனையில் பலசரக்குக் கடை. நான் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். மழை பெய்தால் போதும், நானா ஆற்றில் ஒரு போத்தல் அள்ளிவந்து கடைத் தட்டில் வைத்துவிடுவார். இளமஞ்சள், கடும் மஞ்சள், பழுப்பு என்று தட்டு நிறைய மகாவலி. கம்பளையிலிருந்து வந்த ஒரு பெண்மணி அதில் ஒன்றைக் காட்டி, பாகு என்று நினைத்து, "அந்தக் கித்துள் பாணி என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார்.

"அது மகாவலி கங்கை, தங்கச்சி. விக்கிறதில்ல. பயப்படுறதுக்கு வெச்சிரிக்கி."

என்னைக் கண்டால் விடமாட்டார். "சேர், இது என்ன மஞ்சள்?"

"காட்டுல விழுந்த இலை, சருகு எல்லாம் ஊறி இறங்குற சாயம், நானா. தேத்தண்ணி மாதிரித்தான்."

"தேத்தண்ணிக்குத் தேயில போடுறது என்ட பொஞ்சாதி. இதுக்குப் போட்டது யாரு?"

பயந்த ஆளுக்கு விளக்கம் சொன்னால் பயம் தெளியும் என்று நான் நம்பினேன். அந்தச் சாயம் வடிகட்டினாலும் போகாது, திருகோணமலையில் கடலில் கலக்கும், உலகத்துக் கடல்களிலெல்லாம் அது உண்டு, துருவத்தில் உறைந்து கிடக்கும் கடற்பனிக்குள்ளும் உண்டு என்று விரிவாகவே சொன்னேன். நானா அப்படியே அரிசி மூட்டையில் குந்திவிட்டார்.

"ஐஸுக்குள்ளயுமா? அப்ப இனி எங்க போய் ஒளியிற, சேர்?"

அந்த வாரமே கடையில் ஐஸ் பக்கட் விற்பனை நின்றது.

கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால், சோற்றில் கை வைக்கும் முன் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கூட இருப்பவர்கள் தங்கள் கிளாஸ்களை மெதுவாகத் தள்ளி வைப்பார்கள். சிரித்தோம்தான். ஆனாலும் எங்கள் ஒழுங்கைப் பொதுக்கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தால், நானா பார்த்துத் தலையாட்டாமல் எவரும் குடிப்பதில்லை. அது எனக்கு உள்ளூரக் குத்தியது. படித்த நான் இருக்க, தலையாட்டுவது அவரா?

பிறகு அந்தப் பெருமழை வந்தது. மலை சரிந்தது, ஆறு ஒழுங்கைக்குள் ஏறியது, குழாய்த் தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்தோம். ஊறி வந்த தண்ணீர் பால் சேர்க்காத பிளேன்டீ நிறத்தில் இருந்தது. கணக்குப் பார்த்து பிளீச்சிங் பவுடர் கலக்கச் செய்தேன். மத்தியானத்துக்குள் நிறம் வெளிறித் தண்ணீர் தெளிந்தது.

"நானா, பாருங்க. மஞ்சளே இல்ல."

கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர் குடிக்கலாம்டு செல்றீங்களா?"

"நான் சொல்றேன். குடிங்க."

பிஸ்மி சொல்லி முழுக் கிளாஸையும் குடித்தார். வாளிகளோடு நின்றவர்கள் முன்னே வந்தார்கள். நானாவின் மனைவி கையை விரித்து மறித்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. இந்த மனுசன் நாளைக்கு எழும்பட்டும். பொறகு அள்ளுங்கோ."

எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

விடியும்போது நானாவின் மனைவியின் குரல் கேட்டது. "சேர், ஓடி வாங்க! வாந்தியும் வயித்தால போறதும் நிக்குதில்ல. இவருக்கு எழும்ப ஏலாம இரிக்கி!"

ஓடினேன். கண்கள் குழிக்குள் போயிருந்தன. கை கிணற்றுக் கயிறு போலக் குளிர்ந்து கிடந்தது. அயலவர்கள் அவரை முச்சக்கரவண்டியில் ஏற்றும்போது, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வீட்டு அலுமாரியிலிருந்த சோதனை மாத்திரையைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். குளோரின் மிச்சம் இருந்தால் இளஞ்சிவப்பு ஏற வேண்டும். ஏறவில்லை.

நான் போட்ட மருந்தெல்லாம் அந்த இலைச் சாயத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோயிருந்தது. கிருமியைக் கொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் வெளிறியதைக் கண்டு ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். முதல் நாளே அந்த மாத்திரையைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். நானாவிடம் தலையாட்டல் வாங்கும் அவசரத்தில் போடவில்லை. இதுதான் நடந்தது, இதற்கு நான் காரணம் தேடப் போவதில்லை.

ஓடிப்போய் நானும் ஏறிக்கொள்ள, மண் சரிந்த பாதையில் வண்டி ஆஸ்பத்திரிக்கு ஊர்ந்தது. நானாவின் தலை என் தோளில் கிடந்தது. அவர் மூச்சு விடுவதைக் கேட்பதும், அடுத்த மூச்சு வருமா என்று காத்திருப்பதுமாக நான் போனேன். அவர் காலமெல்லாம் பயந்த பயம் எப்படிப்பட்டது என்று அந்தப் பாதையில்தான் எனக்கு விளங்கியது.

சேலைன் ஏற்றி ஏற்றி, சில நாளில் எழுந்து உட்கார்ந்தார். கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படிச்ச மனுசன்டு நம்பினோமே சேர். மவுத்தாகியிருந்தா?"



நானா மெல்லிய குரலில், "சும்மா இரி புள்ள. மத்தவங்க குடிக்கல்லதானே, அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சேர், வந்த நேரத்துலேருந்து நிக்கிறீங்க. இப்பிடிக் குந்துங்க."

சேலைன் குழாயைப் பிடித்தபடி கால்களை மடக்கி எனக்கு இடம் விட்டார். ஒரு சாண் அகலம்தான் இருக்கும். அதைவிட நல்ல கதிரையில் நான் இன்றுவரை உட்காரவில்லை.