சதுப்பிலிருந்து இழுத்துப் போட்ட சம்பந்திக்கு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஆவணி, 1984

மதிப்புக்குரிய சம்பந்தி, தலைச்சோலை எஸ்டேட் ரைட்டர் சென்றாயன் அவர்களுக்கு ஐயாக்கண்ணு கைகூப்பி எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் சுகம். தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

மகள் கண்ணம்மாளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வரத்தான் அன்று மலையேறினேன். கல்யாணப் பந்தியில் தங்கள் இலைக்கு வடை வராமல் போனதிலிருந்து தாங்கள் என்னோடு பேசுவதில்லை என்பதால், பெண்ணை எப்படிக் கேட்பதென்று வளைவுக்கு வளைவு பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். தாங்களோ காபி கொடுத்து, "காப்புக்காட்டுல சதுப்பு இருக்குதுங்க, பாத்துட்டு வரலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தீர்கள். மறுத்தால் மகள் வரமாட்டாள் என்று பயந்து புதுச் செருப்போடு பின்னால் வந்தேன். கோரைப்புல்லும் தவளைச் சத்தமும் பாசி போர்த்திய மரங்களும் அழகுதான், மறுக்கவில்லை. "நா வெச்ச எடத்துலயே கால் வெய்ங்க" என்றீர்கள். ரோஷத்தில் நான் பக்கத்திலிருந்த பச்சைப்புல்லில் கால் வைத்தேன். அது புல் இல்லை. இடுப்பு வரை உள்ளே போய்விட்டேன். "சம்பந்தீ!" என்று நான் அலறியதும் தாங்கள் யோசிக்காமல் வேட்டியை அவிழ்த்து என் கைக்கு வீசி, பட்டாபட்டி டவுசரோடு சேற்றில் குப்புறப் படுத்து இழுத்தீர்களே, அதை எப்படி மறப்பேன்! உயிர் போகப் போகிறதென்ற பயத்தில் எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"அன்னிக்கு எண்ணெச் சட்டியே கவுந்துருச்சுங்க சம்பந்தி, வேணும்னு பண்ணலீங்க!"

"வடையப் பத்தி அப்பறம் பேசலாம், வேட்டிய உட்றாதீங்க!"

கரையேறியதும் என் காலில் இருந்த அட்டைகளைத் தங்கள் கையாலேயே எடுத்துப் போட்டீர்கள். திரும்பும் வழியில் எஸ்டேட் பெண்கள், "ஏனுங்க ரைட்டரே, நாத்து நட்டுட்டு வர்றீங்களா?" என்று கேட்டபோது தாங்கள் சிரித்த சிரிப்பில் என் மனபாரமெல்லாம் இறங்கிப் போச்சுங்க. "மருமவளக் கூட்டிட்டுப் போங்க. ஆனா கொழந்தைய மொதல்ல எனக்குத்தான் காட்டோணும்" என்றீர்களே, அந்த வார்த்தைக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

சம்பந்தியம்மாளுக்கு வணக்கமும் மாப்பிள்ளைக்கு ஆசிகளும். தங்கள் மலையில் மழையும் மிளகும் குறையாதிருக்க மாரியம்மனை வேண்டும்,
ஐயாக்கண்ணு

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது கண்ணம்மாள் வந்து, "அப்பா, இங்க புழுக்கம் தாங்கலீங்க. நா மலைக்கே போயர்றனுங்க, அம்மாவும் வரட்டும்" என்கிறாள். அவள் அம்மா ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டாள். ஆகவே நாளைக் காலை வாடகைக் காரில் மூவரும் வருகிறோம். இக்கடிதத்தை நானே கையில் தருவேன். நான் எதிரில் இருக்கும்போது தயவுசெய்து படிக்க வேண்டாம், கூச்சமாக இருக்கும்.