அன்னக்கூடை சாரின் இடது கை

தூண்டில் போடுகிறவர்கள் எல்லோரும் மீன் மாட்டாதா என்று காத்திருப்பார்கள். மீன் மாட்டிவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் பிளாக்கில் இருந்த அன்னக்கூடை சார்தான். "மீன் வந்துட்டா அப்புறம் அதைக் கவனிக்கணும் தம்பி. லைனைக் கவனிக்க முடியாது" என்பார். நெய்வேலியில் ஆறு வருடம் அவருக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். அந்த ஆறு வருடத்தில் அவருடைய தூண்டிலில் மாட்டி நான் பார்த்தவை: தபால்காரரின் சைக்கிள், இரண்டு ஆடுகள், வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஓர் அதிகாரியின் தொப்பி, ஒரு மயில். மீன் என்று எதுவும் இல்லை.

சார் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் ஃபோர்மேன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி சரோஜா அக்கா பண்ருட்டி. நான் குடிவந்த இரண்டாவது வருடம், நியூசிலாந்தில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று இருவரும் புறப்பட்டுப் போனார்கள். அங்கே அக்காவுக்குப் பேத்தியைக் குளிப்பாட்டும் வேலை. சாருக்கு ஒரு வேலையும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆறு. ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் சிலர் நீளமான கோலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்களாம்.

"நூல் காத்துலயே விரிஞ்சு, நீட்டமா, அலுங்காமப் போய் உக்காருது தம்பி. முப்பது வருஷம் பெல்ட்டோட மல்லுக்கட்டியிருக்கேன். அப்படி ஒரு ஒழுங்கை நான் பாத்ததே இல்ல."

திரும்பி வரும்போது நீளமான ஒரு குழாயில் கோலும் கையில் நூல் சுற்றும் சக்கரமுமாக வந்து இறங்கினார். சரோஜா அக்கா மதில் பக்கம் வந்து என் மனைவியிடம் சொன்னார்: "அவங்கவங்க ஃபாரின் போனா சென்ட்டு, சாக்லேட்டு வாங்கிக்கினு வராங்க. எங்க வூட்டுக்காரரு கொம்பு வாங்கிக்கினு வந்துருக்காரு."

முதலில் பூங்காவில் இருந்த குளத்துக்குத்தான் போனார். காவலாளி வந்து, "சார், இங்க போட்டிங் மட்டும்தான்" என்று விரட்டிவிட்டார். மறுநாள் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருந்த புல் கிரவுண்டுக்கு வந்தார். முள்ளைக் கழற்றிவிட்டு நுனியில் ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி வீசினார். அன்றைக்கே தண்ணீர் ஒரு தேவையில்லாத பொருள் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

இந்தத் தூண்டிலின் சங்கதியை அவர் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். நம் ஊர்த் தூண்டிலில் நுனியில் ஈயக்குண்டு இருக்கும். குண்டு பறக்கும், நூல் அதன் பின்னால் போகும். இதில் குண்டு கிடையாது. லைன் என்று அவர் சொல்லும் அந்தத் தடித்த நூல்தான் எடை. கொஞ்சம் லைனைக் காற்றில் முன்னும் பின்னும் ஆட்டி வேகம் ஏற்றிக்கொண்டு, கடைசி வீச்சில் இடது கையில் பிடித்திருக்கும் மிச்ச லைனை விட வேண்டும். ஆட்டின லைன் அந்த மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். தூரம் வேண்டுமென்றால் மிச்சம் நிறைய வேண்டும். அவ்வளவு மிச்சத்தையும், புறப்படும் நொடி வரை, எங்கே வைத்துக்கொள்வது?

"வீசுறது ஒண்ணும் பெரிசில்ல. எவனும் வீசிருவான். லூஸா கெடக்குற லைன்லதான் எல்லா வினையும். பெல்ட்டும் அப்படித்தான். இழுத்துக்கட்டின பெல்ட்டு ஒருத்தனையும் ஒண்ணும் பண்ணாது."

முதல் மாதம் மிச்ச லைனைக் காலடியில் போட்டுக்கொண்டார். புல்லில் சிக்கியது. செருப்பு வாரில் சிக்கியது. ஒரு முறை தன் லைன்மேல் தானே ஏறி நின்றுகொண்டு வீச, போன லைன் பாதியில் விறைத்துத் திரும்பி அவர் காதிலேயே அடித்தது. அன்று முதல் வெறுங்காலோடு வந்தார். மிதித்தால் பாதத்துக்குத் தெரியுமாம். மேய வந்த ஆடுகளுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆடுகள் ஒரே சுருளில் கால் வைத்து, ஆளுக்கொரு திசையில் ஓடப் பார்த்தன. தபால்காரர் அன்றைக்குக் கடிதம் கொடுத்ததைவிட லைனைச் சைக்கிள் செயினிலிருந்து உருவியதுதான் அதிகம்.

அடுத்தது வாய். வெளிநாட்டு வீடியோ ஒன்றில், மிச்ச லைனை வளையம் வளையமாகச் சுற்றி உதட்டில் கவ்விக்கொண்டு ஒருவர் வீசுவதைப் பார்த்துவிட்டார். உதட்டில் நான்கு வளையம் தொங்க, மீசை மேல் மீசை வைத்தவர் போல நிற்பார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் செக்‌ஷன் அதிகாரி வாக்கிங் வந்தவர், "என்னய்யா, நாளைக்கு உனக்கு எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டார். மேலதிகாரி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் சார்" என்று வாயைத் திறந்தார். நான்கு வளையமும் ஒன்றாக விழுந்து, ஒன்றாகக் கிளம்பி, போகிற போக்கில் அதிகாரியின் தொப்பியையும் கூட்டிக்கொண்டு போயின.

சரோஜா அக்காவுக்கு அதில் வருத்தம்தான். "வாயில கவ்விக்கினு இருந்த வரைக்கும் வூடு நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகுதான் பண்ருட்டி பயணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. ஒவ்வொரு அன்னக்கூடையாக எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். பையிலிருந்து லைனை எடுத்து அதற்குள் மடக்கிப் போட்டார். என்னிடம் நுனியைக் கொடுத்து, "இழுங்க" என்றார். இழுத்தேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கூடைக்குப் போனார். ஏழாவது கூடையில் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார், நூடுல்ஸ் வடிக்கவா?"

"இல்ல. லைன் போடணும்."

"துணி காயப்போடற லைனா?"

"தூரமா வீசுற லைன்."

கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரொம்ப நாளா இப்படித்தான் இருக்காரா?" என்று கேட்டார்.

வாங்கி வந்த நீலக் கூடையில், ஆணியைச் சுட வைத்து அடியில் துளைகள் போட்டார். துளைகளில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினார். மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாமல் இருக்க அந்த ஏற்பாடு. பார்ப்பதற்கு முள்ளம்பன்றியைக் கவிழ்த்துப் போட்டது போல இருந்தது. அதை பெல்ட்டில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கிரவுண்டில் நின்றார். பிளாக் முழுக்க அவருக்கு அன்னக்கூடை என்று பெயர் விழுந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் பலகையில் எழுதியிருந்த பெயரை அதற்குப் பிறகு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் லைன் போயிற்று. பேய் மாதிரி போயிற்று. லைனை முதலில் ஒரு தடவை வீசி, அப்புறம் இழுத்து இழுத்துக் கூடைக்குள் வாங்க வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தார். அப்படி வாங்கினால், அடுத்த வீச்சில் முதலில் போக வேண்டிய மடிப்பு மேலே இருக்கும், கடைசியில் போக வேண்டியது அடியில் இருக்கும். "வரிசை தப்பினாத்தான் முடிச்சு. யாரு முதல்ல போகணுமோ அவங்களை மேல வைக்கணும்" என்று, ஏதோ பதவி உயர்வுப் பட்டியல் தயாரிப்பவர் போலச் சொல்வார்.

மயில் மாட்டியது அந்தக் காலத்தில்தான். எங்கள் டவுன்ஷிப்பில் காக்கைக்குச் சமமாக மயில் உண்டு. கீழே விழுந்த சிவப்புக் கம்பளியைப் பூச்சி என்று நினைத்து ஒரு பெண் மயில் கவ்விக்கொண்டு ஓடியது. நான் பதறிப்போய், "சார், பிடிங்க, பிடிங்க" என்று கத்தினேன். சார் பிடிக்கவில்லை. குனிந்து கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பு மடிப்பாக லைன் எழும்பி ஓடியது. கடைசி மடிப்பும் போனதும் மயிலுக்கே சலித்து நூலைத் துப்பிவிட்டது. சார் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? ஒரு முடிச்சு விழல!"

இப்படி மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது. ரிடையர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது, ஒரு காலை, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஓடிப் போனேன். ஷேவ் செய்துகொண்டிருந்தவர் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், புரியவில்லை.

பக்கவாதம். உடனே கொண்டுபோனதால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். கால் மெல்ல நடந்தது. பேச்சு குழறினாலும் வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கியது, விரல்கள் பாதி மூடியபடி.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு, அமுக்காமல், நாள் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். யாரோடும் பேச்சில்லை. ஒரு நாள் நான் போயிருந்தபோது மூலையில் இருந்த தூண்டில் குழாயைக் காட்டி, "யாருக்காச்சும் குடுத்துருங்க தம்பி" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "அதெல்லாம் ஒருத்தருக்கும் குடுக்க வாணாம்."

மறுநாள் சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அவர கிரவுண்டுக்கு இட்டுக்கினு போங்க. நானும் வரேன். பந்து அமுக்கறதுக்கு அவருக்கு மனசு இல்ல. இதுக்காச்சும் இருக்குதான்னு பாப்போம்."

போனோம். வலது கை அப்படியே இருந்தது. கோலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியபோது லைன் பழையபடி விரிந்தது. ஆனால் விரிந்த லைன் அந்த அளவிலேயே நின்றது. கூடையில் லைன் இருந்தாலும், அதை இழுத்து வாங்கவும் சரியான நொடியில் விடவும் இன்னொரு கை வேண்டும். தன் இடது கையை ஒரு தடவை பார்த்தார். கோலைப் புல்லில் போட்டார்.

நான் எடுத்துக் கொடுத்து, "நான் பிடிச்சுக்கறேன் சார். நீங்க சொல்லுங்க, விடறேன்" என்றேன்.

அவருக்கு இடப்பக்கம் நின்று, லைனை வளையம் வளையமாகக் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் வீசினார். "வ்விடு" என்று அவர் சொல்லி, அது என் காதில் விழுந்து, நான் விரலைத் திறப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. அடுத்த தடவை முந்திக்கொண்டேன். மூன்றாவது தடவை வளையங்கள் ஒன்றையொன்று விழுங்கி, லைன் என் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"யோவ், நீ என்ன ஸ்டோர்ஸ்ல ஃபைலா பிடிச்சிருக்க? விடச் சொன்னா விடுய்யா! அறிவில்ல?"

ஸ்டோர்ஸில் நான் ஃபைல் பிடிப்பது உண்மைதான். ஆறு வருடத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். ஒரு மாதமாகச் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாத மனிதர். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சந்தோஷத்தில் தொண்டை அடைத்தது. கழுத்தில் லைன் இருந்ததும் ஒரு காரணம்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "நீங்க தள்ளுங்க தம்பி."

"ஒனக்கு என்ன தெரியும்?" என்றார் சார்.

"நாலு வருசமா ஜன்னல்ல பாத்துக்கினுதான இருக்கேன். நீங்க வுடுன்னு சொல்ல வாணாம். வாய மூடிக்கினு வீசுங்க."

லைனை வாங்கினார். முதல் வளையம் பெரியது, அடுத்தது அதைவிடச் சின்னது, அதற்கடுத்தது இன்னும் சின்னது. ஒன்று மற்றதற்குள் நுழைய வழியில்லாமல் விரல்களில் வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டார். சார் ஆட்டினார். அக்கா லைனைப் பார்க்கவில்லை, கோலையும் பார்க்கவில்லை. சாரின் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் நின்றது. விரல்கள் திறந்தன. சின்ன வளையம், பெரிய வளையம் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பி, சர்ரென்று போயிற்று லைன்.

சார் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் சீக்கிரம் விட்டுட்ட" என்றார்.

"நீங்க லேட்டு."

அன்று தொடங்கிய சண்டை ஏழு மாதம் நடந்தது. தினமும் ஐந்து மணிக்கு இருவரும் கிரவுண்டில் இருப்பார்கள். ஒரு வீச்சு, ஒரு வாக்குவாதம். "எப்பவுமே நீ அவசரக்காரி. நெய்வேலிக்கு வந்த அன்னைக்கே பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவ ஆரம்பிச்சவ." "நீங்க மட்டும் இன்னா, தாலி கட்டறதுக்கே ஐயர் மூணு வாட்டி சொல்லணும்." லைன் போவதைவிட இவர்கள் பேச்சு தூரமாகக் கேட்கும். வாக்கிங் வருகிறவர்கள் ஒரு சுற்றுக் கூடுதலாக நடந்தார்கள். இடையில், சார் கவனிக்காதபோது, அக்கா அவருடைய இடது கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொள்வார். பிடிமானத்துக்காம். ரப்பர் பந்தை அமுக்காத விரல்கள் அந்தத் தோளை மெதுவாக அமுக்கத் தொடங்கியிருந்தன.

ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோவில்பட்டியில் வீடு பார்த்திருந்தார்கள். லாரி திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. ஞாயிறு காலை சார் என்னையும் கிரவுண்டுக்குக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி என்னோட பெஸ்ட், நடந்து அளந்ததுல முப்பத்திரண்டு எட்டு தம்பி. அதைத் தாண்டுதான்னு பாத்துட்டுக் கிளம்பிரலாம். எனக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நீங்கதான் எட்டு வச்சு எண்ணணும்."

பன்னிரண்டு தடவை வீசினார். ஒவ்வொன்றிலும் ஏதாவது குறை. பதின்மூன்றாவதற்கு முன்னால் அக்கா லைனைத் துடைத்து, நீவி, சுருள் போக இழுத்துவிட்டு, வளையங்களை விரலில் ஏற்றிக்கொண்டார். அந்த வீச்சுக்கு இருவரும் பேசவில்லை. தோள் நின்றது, விரல் திறந்தது. கடைசி வளையமும் போன பிறகு, சக்கரத்திலிருந்தே இன்னும் இரண்டு முழம் இழுத்துக்கொண்டு லைன் போய் விழுந்தது.

அவர் கால் பக்கத்திலிருந்து புறப்பட்டேன். உரக்க எண்ணிக்கொண்டே நடந்தேன். சிவப்புக் கம்பளி கிடந்த இடத்தில் நின்று, "முப்பத்திமூணு சார்" என்று கத்தினேன்.

"நிஜமாவா?"

"நிஜம் சார்."

சார் அக்காவைப் பார்த்தார். அக்கா என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் எண்ணிக்கினுதான் இருந்தேன். முப்பத்திமூணுதான்" என்றார்.

அன்றைக்கு வைத்த அவ்வளவு சின்ன எட்டு, வேறு யாருக்காகவும் நான் வைத்ததில்லை.