ஆடு கடித்த மஞ்சப்பை

சந்தேகப்படுவதுதான் எனக்குத் தொழில். தவளக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருப்பது சும்மா பொழுதுபோகத்தான். தராசு சரியாக இருந்தால்கூட, ஏன் இவ்வளவு சரியாக இருக்கிறது என்று யோசிப்பேன். இதனாலேயே பிரஷர் எகிறியது. (டாக்டர் மீதும் சந்தேகம்தான். மெஷின் அவருடையதாயிற்றே!)

மனைவி என்னை உறுவையாற்றுத் தோப்பு ஒன்றில் நடந்த ஒருநாள் தியான முகாமுக்கு அனுப்பினாள். அன்றைக்குக் கடை அவள் தம்பி குமரன் பொறுப்பில். சேதராப்பட்டு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, என்னை நம்பி வந்தவன். நான்தான் அவனை நம்பவில்லை.

மூச்சைக் கவனிப்பது புத்தர் காட்டிய வழி என்றார் ஆசிரியர். பிறகு ஆளுக்கொரு பிராணியைப் பார்க்கச் சொன்னார்.

"நாளைக்குத் தின்னப்போற புல்லுக்கு ஆடு இன்னிக்கே கவலப்படுதா, பாருங்க."

எனக்கு வாய்த்தது தென்னை மரத்தடியில் நின்ற ஒரு வெள்ளாடு. அரைக்கண் மூடி மென்றுகொண்டிருந்தது. இவ்வளவு நிம்மதியா? எதையோ மறைக்கிறது என்று உற்றுப் பார்த்தேன். வாயில் மஞ்சப்பை. அதில் என் கடைப் பெயர்!

தீபாவளிக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க அச்சடித்த பை அது. இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கட்டு பரணில் கிடந்தது. பையே உறுவையாறு வரை வந்திருந்தால், அதில் போட்ட பருப்பு எங்கெல்லாம் போயிருக்கும்?

எல்லாரும் கண்மூடியிருந்த அமைதியில் போனை எடுத்தேன். (அணைத்து வைக்கச் சொன்னார்கள். யாரை நம்பி அணைப்பது?)

"டேய் குமரா, சரக்க யாருக்குடா கடத்தின?"

"இன்னா மாமா சொல்ற?"

"பையோட புடிச்சிட்டேன்டா, திருட்டுப்பயலே!"

அந்த நேரம் பார்த்து ஆடு பையை உதறியது. டிபன் டப்பா உருண்டு, எலுமிச்சைச் சோறு சிதறியது. என் டப்பா. மனைவி பரணில் கிடந்த கட்டைப் பிரித்து ஒரு பையை உருவி, சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். காலையில் குமரனை எச்சரிக்கும் மும்முரத்தில் பையைப் பார்க்காமலே தூக்கி வந்து, மரத்தடியில் வைத்தவன் நானேதான்.

"சாவிய அக்காகிட்ட குடுத்துடறேன் மாமா. நான் கம்பெனிக்கே போறேன்."

போனில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. முகாமே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

மாலையில் அவன் வீட்டுக்குப் போய், ஆட்டுக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரே நிபந்தனை போட்டான்: "அந்தப் பைய கல்லாவுக்கு மேல மாட்டு, வரேன்."

மாட்டினேன், வந்தான். இப்போது நான் யாரையாவது உற்றுப் பார்த்தால் போதும், குமரன் "ம்மே" என்பான். வீட்டில் மனைவியும் அப்படித்தான்.

போன வாரம் பிரஷர் பார்க்கப் போனேன். மெஷினை உற்றுப் பார்த்தேன். டாக்டரும் "ம்மே" என்றார்.

அவரிடம் சொன்னது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.