எலி மேஸ்திரியும் ஏழாம் நம்பரும்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு பத்துக்கு என் மகள் ஷாலினி போனில் அழுதாள். "அம்மா, ஏழாம் நம்பர் எழுந்திருக்கவே மாட்டேங்குது. நான்தான் கொன்னுட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

ஏழாம் நம்பர் ஓர் எலி. மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் ஷாலினி மூன்று வருடமாக எலிகளோடு குடும்பம் நடத்துகிறாள். ஏழின் மூளைக்குள் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. கூண்டிலுள்ள கட்டையை அழுத்தினால் துளி மின்சாரம் பாயும். அதில் என்ன சுகமோ, மறுபடி அழுத்தும். தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அரை மணியில் ஷாலினிதான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத என் மகள், மேஜைமேல் தலை சாய்த்தவள் தூங்கிப்போனாள். எலி மதியம் முழுக்க அழுத்தித் தள்ளிவிட்டுச் சுருண்டு விழுந்திருக்கிறது.

புளிசாதக் கேரியரோடு ஜோகுபாளையத்திலிருந்து ஆட்டோவில் பறந்தேன். கேட்டில் வாட்ச்மேன், "ஒளகடெ பிடல்லம்மா" என்று, உள்ளே விட முடியாதெனக் கையை விரித்தார். அப்போதுதான் எலி மேஸ்திரி வெளியே வந்தார்.

பெங்களூரிலேயே எலிகளை 'வாங்க, போங்க' என்றும், டாக்டர் பட்டம் வாங்கியவர்களை 'வா, போ' என்றும் பேசுகிற ஒரே மனிதர் அவர். எலிகளுக்குத் தீனி வைப்பது அவர் வேலை. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறார். அவர் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். "கீழ சுரங்கத்துல எலிங்க ஓடினாங்கன்னா நாமளும் ஓடணும்க்கா. எதுக்குன்னு யோசிச்சிட்டு நின்னவன் மேல வந்ததில்ல" என்பார். அதனால் எலி அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டுவார். ஒருமுறை பெரிய புரொபசர் ஒருவர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மேஸ்திரி விடவில்லை. "மன்னிப்பு கேளு." புரொபசர் ஆங்கிலத்தில் கேட்டார். "தமிழ்ல கேளு. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது."

இப்படிப்பட்டவர் கையில்தான் அன்று என் மகளின் மூன்று வருடம் இருந்தது.

"அந்தக் கட்டையக் கழட்டி வெளிய வச்சிட்டேன்க்கா. அது கண்ணுல படுற வரைக்கும் அவங்களுக்குச் சாப்பாட்டு ஞாபகமே வராது" என்றவர், என் கையைப் பார்த்தார். நான் மகளுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனாவது தடவ?"

"இருபத்தேழு."

"எடுத்தாளா?"

"இல்ல."

"குடுங்க அத." வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நிமிடம்தான் எனக்குத் தாகம் எடுப்பதே தெரிந்தது. வாட்ச்மேன் பாட்டிலில் முக்கால்வாசியைக் குடித்தேன்.

ஐந்தரைக்கு வந்தார். "தண்ணி குடிச்சாங்க."

"ஷாலினியா?"

"இல்லக்கா, ஏழு! பாப்பா சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா. படிப்ப விட்டுடறேன்னு லெட்டர் எழுதப் போறாளாம்."

"ஐயையோ!"

"பேனா எங்கிட்ட இருக்கு. பயப்படாதீங்க."

கேரியரை நீட்டினேன். "இதையாவது அவகிட்ட குடுங்களேன்."

"சோறு உள்ள வரக் கூடாது. உங்க பொண்ணு வெளிய வர மாட்டா. நடுவுல நான் பஸ் விட்டுட்டு இருக்கேன்."

"அப்ப நீங்களாவது ஒரு வாய்..."

"டூட்டிக்கா" என்று ஓடினார்.

ஆறு மணிக்கு, "ஒரு கண்ணு தொறந்தாங்க." ஆறேகாலுக்கு, "மீசை ஆடுது." அதற்குப் பிறகு அவரும் வரவில்லை. இந்த மகளை பேங்க் பரீட்சை எழுத வைத்திருக்கலாமே என்று நொந்துகொண்டேன்; வேண்டாத தெய்வமில்லை.

ஆறே முக்காலுக்குக் கண்ணெல்லாம் வீங்கி ஷாலினி வந்தாள். பின்னாலேயே மேஸ்திரி. வந்ததும் கேரியரைத் திறந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். எனக்கு உயிர் வந்தது. மென்றுகொண்டே சொன்னாள்:

"ஏழு தானா எழுந்து வந்து சாப்பிட்டுச்சும்மா. மேஸ்திரி அண்ணனுக்கு நிறையப் போடு. அது சாப்பிடுற வரைக்கும் அவரும் பச்சத் தண்ணிகூட குடிக்கல."