வலிக்காத கை

கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர் இரும்பு மனிதராவது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் ஒரு ஜாடி மூடி. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திருகியும் அசையாத மூடியை, அவர் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே ஒரே திருகில் திறந்துவிட்டாள். போதாக்குறைக்கு, "நீங்க லூசாக்கி வச்சிருந்தீங்க, அதான்" என்று ஆறுதல் வேறு. மூடியைக்கூட மன்னித்துவிட்டார். அந்த ஆறுதலை மன்னிக்க முடியவில்லை.

மறுநாளே கராத்தே வகுப்பில் சேர்ந்தார். கை உறுதிப்பட, சுவரில் ஒரு பையை மாட்டிக் குத்த வேண்டும் என்றார் மாஸ்டர். முதல் வருஷம் பைக்குள் பயறு. அப்புறம் மணல். கல்லெல்லாம் அதற்கும் அப்புறம். ஐம்பதைத் தொடப்போகிறவருக்கு அவ்வளவு பொறுமை ஏது? நேரே அரை வாளி ஜல்லியோடு வீட்டுக்கு வந்து நின்றார்.

"இதைப் போட்டு ஒரு பை தைச்சுக் குடு."

"எதுக்குங்க?"

"குத்தறதுக்கு."

"யாரை?"

"பையைத்தான்!"

"பாவம், அது உங்களை என்ன பண்ணுச்சு?"

தைத்துக் கொடுத்தாள். பின்பக்கச் சுவரில் மாட்டி, முதல் நாள் இருபது குத்து. விரல் முட்டி நாலும் புடைத்துக்கொண்டன. மறுநாள் கடையில் இடுக்கியைப் பிடிக்க முடியவில்லை. கடுகளவு ஸ்க்ரூ ஒன்று துள்ளிப்போய் வாடிக்கையாளரின் டீயில் விழுந்தது.

சாயங்காலம் கையைப் பார்த்த மனைவிக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

"இந்தக் கையை நம்பித்தாங்க நம்ம வீட்ல அடுப்பு எரியுது. விட்ருங்க."

"உயிரே போனாலும் விட மாட்டேன்!"

"சரி. பையில தையல் விட்டிருக்கு. அதையாவது சரி பண்ணித் தரேன்."

அதற்குப் பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. ஐம்பது குத்தினார், வலிக்கவில்லை. நூறு குத்தினார், வலிக்கவில்லை. வீக்கம் வற்றி, கை பழையபடி ஆகிவிட்டது.

"ஏம்மா, கல்லு சத்தமே வரலையே?"

"கெட்டித் துணிங்க. சத்தம் வெளிய வராது."

"திங்கக்கிழமை மெத்துன்னு இருக்கு. சனிக்கிழமைக்குள்ள இறுகிடுது. மறுபடி திங்கக்கிழமை மெத்துன்னு ஆயிடுதே?"

"ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் எடுக்கறீங்கல்ல? கைக்குப் பலம் ஏறிடுது."

யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. மூன்று வாரம் கழித்து மாஸ்டரிடம் மார்தட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஜல்லியா? யார் சார் உங்களை ஜல்லி போடச் சொன்னது? வலிக்கவே இல்லையா?"

"துளிகூட இல்ல மாஸ்டர்."

"அப்போ நரம்பு போயிருச்சு சார். எலும்பு நொறுங்கினாக்கூட உங்களுக்குத் தெரியாது. முதல்ல டாக்டரைப் பாருங்க!"

வழியெல்லாம் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தார். வலிக்கிற மாதிரியும் இருந்தது, வலிக்காத மாதிரியும் இருந்தது. இருபத்தெட்டு வருஷம் சோறு போட்ட கை. வீட்டுக்குள் நுழையும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நரம்பு செத்துப்போச்சாம்! இனிமே சத்தியமா குத்தவே மாட்டேன்!"

மனைவி மெஷினை நிறுத்தினாள். தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து ஒரு குண்டூசியை உருவி, அவர் கட்டைவிரலில் ஒரு சுருக். அவர் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"நரம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

உயிர் திரும்பியவராகப் பின்பக்கம் ஓடிப் பையைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். கனமே இல்லை. பிரித்தால், உள்ளே பூராவும் வெட்டுத்துணி. பூப்போட்டது, கோடு போட்டது, நடுவில் அவருடைய பழைய சட்டையின் கை ஒன்று.

"என் ஜல்லி எங்கே?"

"வாசப்படிகிட்ட பள்ளத்துல. தினம் அது மேலதான் நடந்து போறீங்க."

"அப்போ நான் மூணு வாரமா என்னத்தைக் குத்தினேன்?"

"நாற்காலி மெத்தைங்க. துணியைக் குத்திக் குத்தி இறுக்கலேன்னா, உட்கார்ந்ததும் குழி விழுந்துடும். ஞாயித்துக்கிழமை எடுத்து உறை போட்டுடுவேன். பன்னிரண்டு மெத்தைக்கு ஆர்டர், மூணு முடிஞ்சிருக்கு."

"நான்தான் குத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேனே!"

"அது கல்லுக்குங்க, துணிக்கில்ல. இன்னும் ஒன்பது பாக்கி. வாரத்துக்கு ஒண்ணுன்னா ஆகாது, நாளையிலேர்ந்து இடது கையையும் சேர்த்துக்குங்க."